இரண்டு விரற்கடை

“...மேல கீறது நான் போட்ட கோடு. அப்போ கீழ கீறது...” என்று பேசிக்கொண்டே வந்த பெரியப்பா அத்தோடு நிறுத்திவிட்டார். சுவரில் இருந்த கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

ஐப்பசி பிறந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில் எங்கள் மோட்டார் கொட்டகையின் கிழக்குச் சுவர் சாரலில் ஊறி, ஈர வேட்டிக்குள் உடம்பு தெரிவதுபோலத் தன் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொண்டு நின்றது. சுண்ணாம்புக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. அதற்கு இரண்டு விரற்கடை உயரத்தில், சுண்ணாம்புக்கு உள்ளே, தண்ணீருக்கடியில் கிடக்கிற கயிறுபோல இன்னொரு நீலக் கோடு.

எனக்கு அப்போது பத்து வயது. கீழே இருந்த கோட்டை யார் போட்டது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் போட்டேன். மேலே ஒரு கோடு இருந்தது என்பதுதான் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று காலை வரைக்கும்.

பெரியப்பா என்னைப் பார்த்தபடி நிற்கட்டும். பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறு கதைக்குப் போவது எங்கள் குடும்பத்து வழக்கம். அவரும் அப்படித்தான் போவார், கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் யார், அந்தக் கோடு எதற்கு என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

பெரியப்பா மூன்று மிலிட்டரி ஸ்கூல்களை நிறுவியவர். இப்படிச் சொன்னால் என்னோடு வேலை செய்கிறவர்கள் பெரிய கேட்டு, வாசலில் பீரங்கி, உள்ளே கொடிக்கம்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை. உண்மையில் பெரியப்பாவின் மிலிட்டரி ஸ்கூல் என்பது ஒரு விசில், ஒரு தாம்புக் கயிறு, தொங்குவதற்கு வாகான ஒரு வேப்பங்கிளை, ஓடுவதற்கு ஏரிக்கரை, அவ்வளவுதான். முதலாவது எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டாவது வல்லக்கோட்டை போகிற சாலையில் ஒரு காலி மனையில். அங்கே கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் எழும்பியதும் மூன்றாவது மறைமலை நகருக்கு அந்தப் பக்கம். “ஒரே ஸ்கூலுதானே மூணு எடம் மாறிச்சி?” என்று அப்பா கேட்பார். எடம் மாறினா புது போஸ்டிங், புது யூனிட் என்பது பெரியப்பாவின் பதில். முதல் ஸ்கூலின் சுவரில் மட்டும்தான் கோடு இருந்தது. மற்ற இரண்டிலும் இல்லை.

அவர் பட்டாளத்துக்குப் போன கதையை எங்கள் ஊரில் கேட்காத காது கிடையாது. பத்தாவது தவறிய வருஷம், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டுக் கதவு நிலையில் நின்று அளந்து பார்த்திருக்கிறார். உயரத்தில் கொஞ்சம் குறைந்தது. என் அத்தை, அதாவது அவருடைய அக்கா, மோர் கடைகிற மத்தை எடுத்து அவர் உச்சந்தலையில் ஓங்கி ஒன்று வைத்தாராம். “எதுக்குடி அடிச்ச?” என்று அவர் அலற, “வீங்கட்டும்டா, அந்த ஒசரத்துல போய்ச் சேந்துக்கோ” என்றாராம் அத்தை. எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியது. அந்த வீக்கத்தோடு போய் வரிசையில் நின்றிருக்கிறார்.

“அளக்கற ஆபீசரு கட்டைய எறக்கினான். நேரா வீக்கத்து மேல வந்து குந்திச்சி. உசுரே போச்சி. அவன் கட்டைய எடுத்துட்டு கைய வெச்சான். உச்சந்தலைல அப்டியே தடவிப் பாத்தான். வீக்கம் கைல தட்டுப்படாம இருக்குமா? மூஞ்சியப் பாத்தான். நானும் அவன் மூஞ்சியப் பாத்தேன். ஒண்ணுமே சொல்லலப்பா. பேப்பர்ல எழுதிக்கினு, போன்னுட்டான்.”

இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் தன் உச்சந்தலையை ஒருமுறை தடவிக்கொள்வார். வீக்கம் வடிந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பிறகு அவர் போகாத இடமில்லை. பனிமலையில் காவல் நின்றிருக்கிறார். டீ டம்ளரிலிருந்து உதட்டுக்கு வருவதற்குள் ஆடை கட்டி உறைந்துவிடுமாம். பாலைவனத்தில் நின்றிருக்கிறார். அங்கே மணல் இரவுக்கிரவு இடம் மாறிப் படுக்குமாம். எங்கே நின்றாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது எங்கள் ஏரியும், அதில் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கும்தானாம். “அதுவும் சென்ட்ரி, நானும் சென்ட்ரி” என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பச்சை டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பி ஒரகடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஊருக்குப் போகிற வழி தெரியவில்லை. வேர்க்கடலைக் கொல்லை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். நான்கு பக்கமும் ஒரே மாதிரி அகலச் சாலை. யூனிபாரத்தில் நின்ற ஒரு பையனிடம் சேரப்பணஞ்சேரிக்கு வழி கேட்டிருக்கிறார். “நானே ஊருக்குப் புதுசு அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கம்” என்றானாம் அவன். சொந்த ஊருக்கு வழி தெரியாத மில்ட்ரிக்காரர் என்று கொஞ்ச நாள் அவரைக் கிண்டல் செய்தார்கள்.

அடுத்த நாள் விடியற்காலை டீக்கடைப் பக்கம் போனவர், கம்பெனி பஸ்ஸுக்காகத் தூங்கி வழிந்துகொண்டு நிற்கிற பையன்களைப் பார்த்துவிட்டு வந்தார். “இந்த ஊர்ல ஒரு புள்ளயும் ஓடலடா” என்று அப்பாவிடம் சொன்னார். “எதுக்குணா ஓடணும்? பஸ்ஸு வூட்டாண்டயே வர்து” என்றார் அப்பா. அதற்கு மறுநாள் ஏரிக்கரையில் விசில் சத்தம் கேட்டது. அதுதான் முதல் மிலிட்டரி ஸ்கூலின் திறப்பு விழா.

அந்தக் காலை நேரங்கள் எனக்கு இன்னும் தூக்கத்தில் வருகின்றன. மார்கழிப் பனி ஏரிமேல் பால் ஆடைபோலக் கிடக்கும். கரைமேல் ஓடுகிறவர்களுக்குக் கால் தெரியாது. இடுப்புக்கு மேலே மட்டும் பதினைந்து உடம்புகள் மிதந்து போகும். அந்தப் பக்கம் சாலையில் கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் நீந்தும். பஸ்ஸுக்குள் தூங்குகிறவர்களும் கரையில் ஓடுகிறவர்களும் கொஞ்ச தூரம் ஒரே திசையில் போவார்கள். அப்புறம் பனி இரண்டு பேரையும் மூடிவிடும். விசில் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். நான் கொட்டகைப் படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஸ்கூலில் சேர ஒரே ஒரு பரீட்சைதான். சுவரோடு சேர்ந்து நின்றால் தலை கோட்டைத் தொடவேண்டும். தொட்டால் கரையில் ஓடலாம். தொடாவிட்டால் வேப்பங்கிளையில் தொங்கவேண்டும், தொடுகிற வரைக்கும். பையன்கள் யாராவது கெஞ்சினால் பெரியப்பா, “இது என் கோடு இல்லடா, சர்க்கார் கோடு. இங்க இன்னா ஒசரமோ டெல்லிலயும் அதே ஒசரம்தான்” என்பார்.

என் அண்ணனுக்கு இரண்டு விரற்கடை குறைந்தது.

அவனுக்குப் பதினெட்டு வயது. ஓட்டத்தில் அந்தப் பதினைந்து பேரில் யாரும் அவன் கிட்டே வரமுடியாது. ஆனால் அவன் ஓடக்கூடாது, தொங்கவேண்டும். ஐந்து மாதமாகத் தொங்கினான். மற்றவர்கள் ஓடிவிட்டு வந்து, “தொங்கறதுல உனக்குத்தான்டா மெடலு” என்பார்கள். “செங்கல்லு ஒண்ணு எட்தாந்து தரட்டா?” என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே தொங்குவான். எல்லோரும் போன பிறகு இறங்கி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கரையில் தனியாக ஒரு சுற்று ஓடிவிட்டு வருவான். நான் பார்ப்பேன். அவன் ஓடினால் கொக்குகூட எழுந்து பறக்காது, அப்படி ஓடுவான்.

அம்மா வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். அங்கே சாமி ஆளைவிட உயரம். “அவ்ளோ ஒசரமா நிக்கறாரே, அதுல ரெண்டு வெரக்கடை குடுத்தா கொறஞ்சா போய்டுவாரு?” என்பாள். அப்பா தன் பங்குக்குத் தன் சூப்பர்வைசரிடம் சொல்லி அண்ணனுக்குக் கம்பெனியில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தார். பொங்கல் வரைக்கும் பார்ப்பது, அப்புறம் தொங்குவதை விட்டுவிட்டு வேலையில் சேர்வது என்று அவனிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

போகிக்கு முந்தின நாள். பெரியப்பா கேன்டீன் சாமான் வாங்க மெட்ராஸ் போயிருந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்த அம்மா, மிச்சச் சுண்ணாம்பை வீணாக்கக்கூடாது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். நானும் கூட வந்தேன். அம்மா வேலையில் வேகம். கிழக்குச் சுவரை முடித்த பிறகுதான் தலையில் கை வைத்தாள். “ஐயையோ, உங்க பெரியப்பா கோடு!”

புதிதாக அடித்த சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்வரை உள்ளே இருப்பதைக் காட்டும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. “மறையறதுக்குள்ள அது மேலயே போட்டுடு கண்ணு, உனக்குத்தான் ட்ராயிங் வரும்” என்று நீலப் பெயிண்ட் டப்பாவையும் குச்சி பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்துவிட்டு, அம்மா பின்பக்கச் சுவருக்குப் போனாள். ஈரம் ஒதுங்கி, தொட்டால் ஒட்டாத பதம் வரக் காத்திருந்தேன்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினேன். கோடு என் கண்ணுக்கு நேரே இருந்தது. கண்ணெதிரே மெல்ல மெல்ல வெள்ளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, பனிக்குள் போகிற பையன்கள் மாதிரி. எனக்கு அப்போது வந்த யோசனை இதுதான்: இது சர்க்கார் கோடு. இங்கே என்ன உயரமோ டெல்லியிலும் அதே உயரம். அப்படியென்றால் இங்கே இறக்கினால் அங்கேயும் இறங்கிவிடும். நாடு பூராவும் எல்லாச் சுவர்களிலும் நீலக் கோடுகள் ஒரே நேரத்தில் இரண்டு விரற்கடை கீழே இறங்குவதை நான் அந்த வாளிமேல் நின்றுகொண்டு பார்த்தேன். பனிமலைச் சுவர்களில்கூட இறங்கியது. அழகாக இருந்தது. இடது கையின் இரண்டு விரலைப் படுக்கவைத்து அளந்து, கீழே போட்டேன்.

அது திருட்டு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் சொல்லாததற்கு ஒரே காரணம், வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று அவள் சொல்லியிருந்ததுதான்.

மறுநாள் பெரியப்பா வந்து கோட்டைப் பார்த்தார். “யாரு போட்டது?”

“பழைய கோட்டு மேலயே இவதான் போட்டா” என்றாள் அம்மா.

“பரவால்ல, நேரா கீது” என்றார்.

பொங்கல் முடிந்த காலை அண்ணன் கடைசித் தடவையாகச் சுவரோடு நின்றான். தலை கோட்டைத் தொட்டது. பெரியப்பா குனிந்து அவன் குதிகாலைப் பார்த்தார். தரையில் இருந்தது. நிமிர்ந்து தலையைப் பார்த்தார். பிறகு ஏரி அதிரும்படி விசிலை ஊதினார். “மார்கழிப் பனி குடிச்சி வளந்துட்டான்டா எங்கூட்டுப் புள்ள!” என்று அவனைத் தூக்கியே விட்டார். வளர்ந்த பையன்களை அப்படித் தூக்கி நான் பார்த்ததில்லை. அளவில் அவ்வளவு கறாரான மனுஷர் அன்று ஏன் ஒரு டேப்பை எடுத்துப் பார்க்கவில்லை என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன். நம்பவேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்திருக்கும்.

அந்த வாரமே இன்னும் இரண்டு பேர் வளர்ந்தார்கள். ஒருவன், கம்பெனி பஸ் ஓட்டுகிற எதிர்வீட்டு மாமாவின் மகன். இன்னொருவன், பக்கத்து லைன் வீட்டில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த நெல்லைப் பையன். “ரூம்ல கால நீட்டிப் படுக்கவே எடமில்லய்யா, எங்கிட்டு வளந்தேன்னு எனக்கே வெளங்கல” என்று அவன் அதிசயப்பட்டான். ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க வந்து ஓடுவான். எதிர்வீட்டு மாமா மகன் இருந்த கம்பெனி வேலையை விட்டுவிட்டே ஓட வந்தான். அண்ணனுக்காகப் பார்த்து வைத்திருந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. அப்பா ஒரு வாரம் பேசவில்லை. ஆனாலும் ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்திவிட்டு, பனிக்குள்ளிருந்து அண்ணன் முதல் ஆளாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புரட்டாசியில் வேலூர்ப் பக்கம் ஆள் எடுப்பு என்று செய்தி வந்தது. ராத்திரி படுத்து எழுந்தவுடன் மனுஷன் உயரம் கொஞ்சம் கூடியிருப்பான், நிற்க நிற்க, உட்கார உட்காரக் குறைவான் என்பது பெரியப்பாவின் சித்தாந்தம். அதனால் ஒரு குட்டியானை வண்டி பேசி, வைக்கோல் பரப்பி, போகிற ஐந்து பேரையும் அதில் மல்லாக்கப் படுக்கவைத்தார். “வேலூர் போற வரைக்கும் எவனும் ஏந்திருக்கக் கூடாது. ஒண்ணுக்கு வந்தாலும் படுத்தாப்லயே சொல்லு, நிறுத்தறேன்.” ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ஐந்து பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார்கள். சாயங்கால வெயில் அவர்கள் முகத்தில் விழுந்தது. வண்டி நகர்ந்தபோது அண்ணன் படுத்த வாக்கிலேயே கையைத் தூக்கி எனக்கு சல்யூட் வைத்தான்.

மறுநாள் மதியமே திரும்பிவிட்டார்கள். இரண்டு பேர் ஓடி, மூச்சு வாங்கித் தோற்றிருந்தார்கள். மற்ற மூன்று பேரை ஓடவே விடவில்லை. வாசலிலேயே அளவுக் கட்டையின் கீழே நிற்கவைத்து, ஒரு நிமிஷத்தில் வெளியே தள்ளிவிட்டார்கள். இரண்டு விரற்கடை.

அப்படியானால் டெல்லியில் கோடு இறங்கவில்லை. எனக்கு அதுதான் முதலில் புரிந்தது.

அண்ணன் யார்மேலும் பழி போடவில்லை. “வழில வல்லக்கோட்டை கோபுரம் வந்துச்சிம்மா. கும்பிடறதுக்கு ஒருதரம் ஏந்து குந்திட்டேன். அதுலதான் கொறஞ்சிட்டேன்” என்று அழுதான். இன்றைக்கு அவன் ஒரு கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். இன்றைக்கும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறான். கும்பிட்ட பாவத்துக்கு.

எதிர்வீட்டு மாமா அப்படி நம்புகிற ஆள் இல்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். “இன்னாபா மில்ட்ரி, உன் கோடு இன்னா ரப்பரா? இங்க தொடுது, அங்க தொட மாட்டேன்து? என் புள்ள இருந்த வேலையும் விட்டுட்டு குந்தினுகிறான்.”

“எங்கோடு சரிதான்.”

“எது சரி? ஒருத்தன் ரெண்டு பேரு இல்ல, மூணு பேரும் அதே ரெண்டு வெரக்கடைல வெளிய வந்திருக்கானுங்க!”

“டேப்பு எடுத்துனு வா. ஊர் முன்னாடி அளந்துக்கோ. ஒரு நூலு தப்பா இருந்தா ஸ்கூல இத்தோட இழுத்து மூடிடறேன்” என்றார் பெரியப்பா. குரலில் ஒரு துளி சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று பேச்சாயிற்று. அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் மட்டும், “நானும் வரேன்ணா” என்றார்.

அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுவரை டேப் வைத்து அளந்தால் என் கோடு மாட்டிக்கொள்ளும், பெரியப்பா பொய்யராகிவிடுவார், ஸ்கூல் மூடிவிடும். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பின்னாலேயே போனேன். மழைக்குப் பச்சைத் தொப்பியைப் போட்டிருந்தார். சாய்த்துப் போடுகிற பட்டாளத்துத் தொப்பி. வழி நெடுக வாயைத் திறக்கப் பார்த்தேன். நத்தை, தவளை, நிரம்பிய வாய்க்கால் என்று எதையாவது காட்டிக்கொண்டே வந்தார். கொட்டகைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி நீரை உதறிக்கொண்டே சுவரைப் பார்த்தார். கோடை மழையெல்லாம் மேற்கேயிருந்து வந்து முதுகுச் சுவரைத்தான் நனைத்திருந்தது. ஐப்பசி மழைதான் கிழக்குச் சுவரில் அடிக்கிற மழை. இரண்டு கோடும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

“பழைய கோட்டு மேலயே போட்டதா உங்கம்மா சொன்னாளே. மேல கீறது நான் போட்ட கோடு. அப்போ கீழ கீறது...”

இங்கேதான் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அவர் சுவரில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் தன் இரண்டு விரலைப் படுக்கவைத்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து என் விரல்களை வைத்தார். என் விரல்தான் இடுக்கில் சரியாகப் பொருந்தியது. அவர் விரல் தடிமன்.

சாலையில் பைக் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு மாமாவும் அவர் மகனும் ஒரு வண்டி. அப்பாவும் அண்ணனும் ஒரு வண்டி. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது பெரியப்பா மேலே இருக்கிற கோட்டைக் காட்டினால் போதும். டேப் வைத்து அளந்தால் அது நூல் பிசகாமல் இருக்கும். அவர் ஜெயித்துவிடுவார், ஸ்கூல் இருக்கும். அப்பா என் தோலை உரிப்பார். அண்ணன் என்ன செய்வான் என்று நினைக்க முடியவில்லை.

பெரியப்பா சுவரோரம் போய் நின்று தொப்பியைத் தலையில் வைத்தார். சாய்க்காமல், நேராகத் தூக்கி வைத்தார். ஈரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, சாவ்தான் என்று பையன்களுக்குச் சொல்லித் தருவாரே, அந்த விறைப்பில் நின்றார். தொப்பி போடுவதற்கு முன்னால் ஒரு கணம் நான் பார்த்தேன்: அவர் வெறுந்தலை என் கோட்டோடு முடிந்துவிட்டது. தொப்பியோடுதான் மேல் கோட்டைத் தொட்டார். இரண்டு கோடும் அவருக்குப் பின்னால் மறைந்துபோயின.

எதிர்வீட்டு மாமா இரும்பு டேப்பை உருவிக்கொண்டே வந்தார். “நவுரு மில்ட்ரி, அளந்துடலாம்.”

“அளக்கத் தேவல. ரெண்டு வெரக்கடை கம்மிதான். காலைல நானே பாத்தேன்.”

“அப்போ?”

“அப்போ இன்னா? நான் போட்டது தப்பு. ஸ்கூலு மூடியாச்சி.”

டேப் சுர்ரென்று உள்ளே போய்ச் சுருண்டது. சண்டைக்கு வந்தவருக்குச் சண்டை கிடைக்காத ஏமாற்றம். “அளவு தெரியாத மில்ட்ரி! இத்தன வருஷம் அங்க இன்னாத்த புடுங்கின? சப்பாத்தி சுட்டியா?” என்று கத்தினார். பெரியப்பா நேரே ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பனியில் டீ உறைகிற கதை சொல்லும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். மாமாவின் மகன் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பெரியப்பாவையே பார்த்தான், சல்யூட் வைப்பதா வேண்டாமா என்று தெரியாதவன்போல.

அப்பாதான் கடைசியாகப் பேசினார். தன் அண்ணனான பெரியப்பா முன்னால் குரலை உயர்த்திப் பேசியே அறியாதவர். “பொங்கலுக்கே அவன் வேலைல சேந்திருப்பான்ணா. நீ தூக்கி ஆட்டினியேன்னுதான் நானும் நம்பினேன்.” அவ்வளவுதான். திரும்பிப் பைக்கை எடுத்தார். பின்னால் உட்கார்ந்த என் அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அதற்கப்புறம் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அவர்கள் போன பிறகும் பெரியப்பா நகரவில்லை. வெயில் வந்து ஏரிமேல் விழுந்தது, சுவர்மேல் விழுந்தது. கொக்கு ஒன்று வந்து நின்றது. அவருக்குப் பக்கவாட்டில் சுண்ணாம்பு மெல்ல மெல்ல வெள்ளையாக எழும்பி வருவதைப் பார்த்தபடி நான் நின்றேன். சுவர் காய்வதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. தோற்றுப்போனால் மிலிட்டரியில் இவ்வளவு நேரம் நிற்கவேண்டும் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். மேலே இருந்த கோட்டை அவர் கடைசிவரை காட்டாதது எனக்குக் குழப்பமாக இருந்தது. மறந்துவிட்டாரோ, ஞாபகப்படுத்தலாமா என்றுகூட இருந்தது. நல்லவேளையாகத் தப்பித்தேன் என்றும் இருந்தது.

வெகுநேரம் கழித்து ஓர் அடி முன்னால் வந்தார். “பாரு, எத்தினி கோடு தெரியுது?”

“ஒண்ணுதான் பெரியப்பா.”

“ம்.”

அவர் முதுகு முழுக்கச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க இரும்பு வளையங்களை கேஜ் என்கிற அளவுக் கருவியில் வைத்துப் பார்த்து, தொட்டால் இந்தப் பெட்டி, தொடாவிட்டால் அந்தப் பெட்டி என்று போடுவதுதான் வேலை. ஒரு மயிரிழை குறைந்தாலும் விடமாட்டாள் என்று என்னைப் பற்றி லைனில் பேர். சில சமயம் ஒரு வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன். அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்குப் புரியாமல் போன கடைசி விஷயம் ஞாபகத்துக்கு வரும்.

அவர் என்னை அடிக்கவில்லை, ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. கரையேறிப் போக என்னைத் தாண்டுகிறபோது நின்றார். கையை என் உச்சந்தலையில் வைத்தார். எதையோ தேடுகிறவர்போல விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நடந்து போய்விட்டார்.

அவர் போன பிறகு நானும் என் தலையைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் எதுவும் இல்லை.